ஸ்பிரிங் இல்லாத பீப்பி

போன வாரம் அவளைக் கடையில், பூட்டிய கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வாயடைத்து நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள்.

அலமாரிக்குள் இருப்பவை அவளுடைய ஓட்ட ஷூக்கள். கணவன் அவற்றைத் துடைத்து, கயிற்றைப் பூப்போல முடிந்து, போன மாதம் அவள் நெடுந்தூரப் போட்டியில் வாங்கிய பதக்கத்தைப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தான். மேலே ஓர் அட்டை. 'எங்கள் சேம்பியன் ஓடிய காலணி. மூச்சு வளர்ந்தது எங்கள் வீட்டில்.' எழுத்து கொஞ்சம் கோணல். பெருமையில் கை நடுங்கியிருக்க வேண்டும். சாவி அவன் இடுப்பு வளையத்தில் தொங்குகிறது.

நல்ல மனிதன்தான், அதை முதலிலேயே சொல்லிவிடலாம். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறான். மனைவியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். கண்ணுக்குள்ளேயே இருந்தால் மூச்சு முட்டாதா என்று அவன் யோசித்ததில்லை, அவ்வளவுதான். அவளைப் பற்றிப் பேசினால் அவனுக்கு 'நீ' வராது. "நாம நல்லாத் தூங்கினோமா?" "நாம இன்னிக்கு சர்க்கரை வேண்டாம்." பல்வலி வந்தபோதுகூட, "நமக்கு வலி குறைஞ்சிருக்கா?" என்றான். வலித்தது அவளுக்கு மட்டும்.

கடைக்கு மேலேயே வீடு. மூன்று அறை, ஒரே படிக்கட்டு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக இருக்கக்கூடிய ஒரே இடம் குளியலறை. அங்கேயும் கொஞ்சம் தாமதமானால், "நமக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கதவுக்கு வெளியே குரல் கேட்கும்.

ஆகவே அவளுக்கென்று இருந்தது காலை ஓட்டம் ஒன்றுதான். அதன் அடிமடியில்தான் போன வாரம் கை வைத்தான் அவன்.

"எதுக்கு தினமும் ரோட்டுல ஓடி முட்டியைத் தேய்ச்சுக்கணும்? மூச்சுதான் வீட்டுலயே வளருதே. இனிமே வாரத்துக்கு ஒரு ஓட்டம் போதும். மத்த நாள் காலையில கடையில உக்காந்து எல்லாருக்கும் கருவியைப் போட்டுக் காட்டுவோம். சும்மா உக்காந்தபடியே பேர் வாங்கலாம்."

கருவி என்று அவன் சொன்னது கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குழல். வாயில் கவ்விக்கொண்டு காற்றை உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு ஒன்று காற்றை வழிமறிக்கும். அதை மீறி இழுத்து இழுத்து மூச்சுத் தசைகள் பலப்படும், ஓடும்போது களைப்பு தள்ளிப்போகும் என்பது தயாரித்தவர்களின் வாக்கு. திருகைத் திருகினால் புள்ளி புள்ளியாக இறுகும். மாமியார் அதற்கு வைத்த பெயர் பீப்பி. வீட்டில் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

சேம்பியனின் மூச்சு பீப்பியால் வளர்ந்தது என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நம்பினார்கள். உண்மை அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அல்லது அப்படி அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பீப்பிக்குள் ஸ்பிரிங்கே இல்லை.

*

இன்றைக்குக் கடையில் முதல் செயல்விளக்கம். காலையிலிருந்தே அவன் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தான். நாற்காலிகளை வரிசையாகப் போட்டான், திருப்தியில்லாமல் வளைத்துப் போட்டான், பிறகு பழையபடி வரிசையாகவே போட்டான்.

மாடியில் மாமியார் தன் பீப்பியைக் கவ்விக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தொலைபேசி ஆபரேட்டர். சில மாதங்களுக்கு முன் நெஞ்சில் சளி கட்டி, படுத்த படுக்கையாகக் கிடந்தவர். ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் மகள் இதைக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு வேளை தவறியதில்லை. சுவாசிப்பதையும் ஷிஃப்ட் போட்டுச் செய்கிறவர்.

மருமகள் எதிரே உட்கார்ந்து தன்னுடையதை வாயில் வைத்தாள். கன்னத்தைக் குழித்து, புருவத்தை நெரித்து, கழுத்து நரம்பு தெரிய ஓர் இழுப்பு. பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கக்கூட அவளை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. இன்று பார்த்திருந்தால் முதல் வேஷமே கொடுத்திருப்பார்கள்.

மாமியார் பீப்பியை எடுத்துத் துடைத்தார். மருமகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உனக்கு எவ்வளவு புள்ளி வெச்சிருக்கான்?"

"கடைசிப் புள்ளி, அத்தை."

"அடேயப்பா. எனக்கு நடுப்புள்ளிக்கே கண்ணு பிதுங்குது."

"பழகிடுச்சு, அத்தை."

"ம்ம். பழகிடும், பழகிடும். எல்லாமே பழகிடும்."

அவர் மறுபடி பீப்பியைக் கவ்விக்கொண்டார். மருமகள் கன்னத்தை இன்னும் கொஞ்சம் குழித்து இழுத்தாள்.

ஸ்பிரிங் போன கதை சின்னது. கல்யாணத்துக்கு முன்பும், அதற்குப் பிறகு கொஞ்ச காலமும் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் முகத்துக்கு நேரே கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "எது தெளிவாத் தெரியுது? இதுவா, இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். பிடித்த வேலை. கடைக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்று கணவன் சொன்னபோது விட்டாள். அவளிடம், இதுவா இதுவா என்று யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து கொண்டுவந்த பொடித் திருப்புளி ஒன்று கைப்பையில் கிடந்தது. பீப்பி வந்த புதிதில் அவள் அதை ஒழுங்காகத்தான் இழுத்தாள். எதிரே ஸ்டாப் வாட்சோடு அவன். "இழுப்போம், இழுப்போம், இன்னும்… நம்மால முடியும்!" காற்று வரவில்லை. நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. இந்த வீட்டில் ஏற்கெனவே இழுத்து இழுத்துத்தானே மூச்சு விடுகிறோம், இதற்கு ஒரு மெஷின் வேறா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் அவன் சரக்கு இறக்கப் போன நேரத்தில் பீப்பியைத் திருகித் திறந்து ஸ்பிரிங்கை எடுத்தாள். பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினாள். அன்றிலிருந்து காற்று தாராளமாக வந்தது, நடிப்பும் தினமும் வந்தது.

அவள் ஓட்டத்தில் முன்னேறியதும் அதே மாதங்களில்தான். அவன் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

*

செயல்விளக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாத்தனார் வந்து சேர்ந்தாள். தோளில் பை, கையில் ஒரு பெட்டி.

"அண்ணி, அண்ணன் கேட்டார்னு மீட்டர் கொண்டாந்திருக்கேன். எங்க டிபார்ட்மென்ட்ல பழசு. இதுல வாய வெச்சு இழுத்தா மூச்சுத் தசைக்கு எவ்வளவு பலம்னு முள்ளு காட்டிடும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா. நீங்கதான் ஸ்டார் ஆச்சே."

படிக்கட்டில் இரண்டு பேர் மட்டும். கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. இதை இழுத்தா ஓட்டம் வருமா?"

நாத்தனார் பெட்டியைப் படியில் வைத்தாள். தொழில் பேச்சு வந்தால் அவளுக்குக் குரலே மாறும்.

"மூச்சுத் தசை பலமாகும். அது நிஜம். அம்மா மாதிரி படுத்து எழுந்தவங்களுக்கு நல்லாவே உதவும். நல்லா ஓடறவங்களுக்கு… கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம். படிச்சவங்களே ரெண்டு கட்சியா நிக்கறாங்க. ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம். ஓடாம இதை மட்டும் இழுத்துட்டு உக்காந்திருந்தா மூச்சு மட்டும்தான் வளரும். கால் வளராது."

"இதை உங்க அண்ணன்கிட்ட சொல்லேன்."

"சொன்னேனே. 'டாக்டரம்மா, எங்க வீட்டுலயே ஆதாரம் நடமாடுது'ன்னு உங்களைக் காட்டறார். நான் என்ன பண்ண?" அவள் சிரித்தாள். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை என்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினாள். "என்ன அண்ணி?"

சொல்ல வாயெடுத்தாள். சத்தியமாக எடுத்தாள். "சேம்பியன்! நாம ரெடியா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டு இறங்கினாள்.

*

கடையில் எள் விழ இடமில்லை. காலையில் ஓடுகிற கும்பல் மொத்தமும் வந்திருந்தது. முன்வரிசையில் கால் மேல் கால் போட்டபடி ஒரு தபால்காரர். நாளெல்லாம் நடக்கிறவர், விடுமுறையில் ஓடுகிறவர், எதையும் ஒரு கேள்வி கேட்காமல் விடாதவர்.

கணவன் பேசினான். நன்றாகவே பேசினான். எப்படி மனைவி முன்பு பூங்கா வரை ஓடிவிட்டு மூச்சிரைக்க வருவாள், எப்படிப் புள்ளி புள்ளியாகத் திருகை ஏற்றினான், எப்படி அவள் முகம் சிவக்கச் சிவக்க இழுத்தாள் என்றெல்லாம் சொன்னபோது அவன் கண் பனித்தது. பொய் சொல்கிறவனாக இருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். அவன் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

"இப்ப நம்ம சேம்பியன் இழுப்பாங்க. முள்ளை மட்டும் பாருங்க."

தப்பிக்க வழி தேடினாள். முன்னால் கும்பல், பின்னால் கண்ணாடி அலமாரி, அதற்குள் அவள் ஷூக்கள். மீட்டரின் குழாயைக் கவ்விக்கொண்டு, பல மாதங்களில் முதல் முறையாக, நடிக்காமல் இழுத்தாள்.

முள் பாதி தூரம் ஏறியது. நடுங்கியது. இறங்கியது.

"இது சும்மா வார்ம்-அப்," என்றான் அவன். "இன்னொரு தடவை இழுப்போம்."

இன்னொரு தடவை. அதே பாதி.

"எதுக்கும் ஒப்பிட்டுப் பாக்கலாம். அண்ணே, நீங்க வாங்க. நீங்க கருவியைத் தொட்டதே இல்லைதானே?" என்று தபால்காரரைக் கூப்பிட்டான் கணவன்.

தபால்காரர் எழுந்து வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். முள் சேம்பியன் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு கோடு மேலேயே போய் நின்றது. கும்பலில் லேசாக ஒரு சலசலப்பு. கணவன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். தங்கை அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாருக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அப்போது படிக்கட்டிலிருந்து குரல்.

"நானும் தினமும் இழுக்கறேனே. என்னை யாரும் கூப்பிட மாட்டீங்களா?"

மாமியார் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். இறங்கியதற்கே மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டார். பிறகு மீட்டரை வாங்கி, அனுபவசாலியின் நிதானத்தோடு உதட்டைப் பொருத்தி இழுத்தார்.

முள் பாதியைத் தாண்டியது. தபால்காரரைத் தாண்டியது. கிட்டத்தட்ட உச்சியில் போய் நின்று கொஞ்ச நேரம் ஆடியது.

கைத்தட்டல் கடையையே தூக்கியது. அவள் மட்டும் தட்டவில்லை.

தபால்காரர் கையை உயர்த்தினார். "ஒரு சந்தேகம். அப்படின்னா அடுத்த போட்டிக்கு அம்மாவைத்தானே அனுப்பணும்?"

கடையே சிரித்தது. கணவன் முகத்தில் அசடு வழிந்தது ஒரு நிமிஷம்தான். வியாபாரி அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"பார்த்தீங்களா! இந்த வயசுல, படுத்த படுக்கையா இருந்தவங்க! கருவியோட மகிமைக்கு இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

வேண்டாம் என்று கும்பல் முடிவு செய்தது. பீப்பி வாங்க வரிசை நின்றது. அவள் வெளிப்பட்டுவிட்டோம் என்று பயந்தாள். வெளிப்படவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது. கதவு திறந்து, அதற்குள் மறுபடி சாத்தப்பட்டுவிட்டது.

கும்பல் கலைந்ததும் அவன் அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டான்.

*

பின்னறை முழுக்க ஷூ அட்டைப்பெட்டிகள். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

"அம்மாவுக்கு ஏறுது, நமக்கு ஏன் ஏறலை?" அவன் குரலில் கோபமில்லை, கவலைதான். "பரவால்ல. நாளையிலேர்ந்து மூணு வேளையும் என் கண் முன்னாடி இழுப்போம். முள்ளு அம்மா அளவுக்கு வர்ற வரைக்கும் ரோட்டு ஓட்டமே வேண்டாம். அந்த வாரத்துக்கு ஒண்ணையும் நிறுத்திடலாம்."

வாரத்துக்கு ஒன்றும் போயிற்று. இதற்கு மேல் இழக்க ஒன்றுமில்லாதபோது ஒரு தைரியம் வருமே, அது வந்தது. கைப்பையைத் திறந்து பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். ஸ்பிரிங்கை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்ன?"

"என் பீப்பியோட ஸ்பிரிங்."

அவன் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"எப்ப எடுத்தே?"

"வந்த புதுசுலயே."

"அப்ப நான் புள்ளி ஏத்தினது?"

"திருகு சும்மா சுத்துச்சு."

"நீ முகம் சிவந்து, வேர்த்து…"

"நடிச்சேன்."

ஒரு விஷயத்தை அவள் கவனித்தாள். 'நீ' என்றான். இத்தனை நாளில் முதல் 'நீ'. அடி வாங்கியவன்போல ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"இத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்டியே."

"உங்களை ஏமாத்தணும்னு பண்ணலைங்க. மூச்சு முட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப மெடல்? அது பொய்யா?"

"அது நான் ஓடி வாங்கினது."

"எப்படி வந்துச்சு அந்த ஓட்டம்? தினம் அதே பூங்காதானே?"

"பூங்கா இல்லைங்க. பூங்காவைத் தாண்டிப் பாலம். அப்புறம் பாலத்தைத் தாண்டி ஏரிக்கரை. அப்புறம் அதையும் தாண்டி. மெதுவா ஓடறேன், அதான் லேட்டாகுதுன்னு உங்ககிட்ட சொன்னேன். வாட்ச் கட்டினா கை அரிக்குதுன்னு கழட்டி வெச்சேன்."

"எதுக்கு அவ்வளவு தூரம்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை மாதம் பயந்திருந்தாள். பதிலும் இத்தனை மாதமாகத் தயாராகவே இருந்தது.

"திரும்பி வர மனசில்லாம."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அவன் எழவில்லை.

"நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கலைங்க." அவள் கைப்பையை மூடினாள். "எதையுமே எனக்குன்னு மிச்சம் வைக்கலை. அவ்வளவுதான்."

அவன் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தினான், விட்டான். அழுத்தினான், விட்டான். அவள் படியேறி மேலே போனாள். போவதற்கு வேறு இடமில்லையே.

*

பிற்பகல் முழுவதும் கீழேயிருந்து சத்தமே இல்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் சமையலறை மேடையைத் துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போதும், தேய்ஞ்சிடப் போகுது," என்றார் மாமியார். "சொல்லிட்டியா?"

துணி கையிலிருந்து நழுவியது. "உங்களுக்கு எப்படி அத்தை…?"

"நான் காதை வெச்சுப் பிழைச்சவ. உயிர் இருக்கிற லைன் ஒரு மாதிரி கேக்கும், செத்த லைன் ஒரு மாதிரி கேக்கும். உன் பீப்பி முதல் மாசத்துலயே செத்த லைன்."

"ஏன் அப்பவே சொல்லலை?"

"லைன்ல கேட்டதை வெளிய சொல்லக் கூடாது. எங்க வேலையில அதுதான் முதல் பாடம்."

"இன்னிக்கு மட்டும் ஏன் இறங்கி வந்தீங்க?"

மாமியார் புடவைத் தலைப்பால் பீப்பியைத் துடைத்தார். "நீயா வாயைத் திறக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் ரெண்டு பக்கத்துல ரிசீவரை வெச்சுக்கிட்டு ஊமையா நின்னா எப்படி? அதான் லைனைப் போட்டு விட்டேன். பேசறதும் வைக்கறதும் உங்க பாடு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரிவதற்குள் படிக்கட்டில் காலடி கேட்டது.

அவன் இரண்டு கையிலும் ஷூக்களோடு நின்றான். ஒரு கையில் அவளுடையவை, அலமாரியைத் திறந்து எடுத்தவை. இன்னொரு கையில் விலைச்சீட்டுகூட அவிழ்க்காத புது ஜோடி. கண் சிவந்திருந்தது, முகம் மட்டும் தெளிவாக, ஏதோ கணக்கை முடித்துவிட்டவன் முகமாக இருந்தது.

"மத்தியானம் பூரா யோசிச்சேன். தப்பு என்மேலதான். தனியா ஓடவிட்டேன் பாரு, அதான் வீட்டுக்கு வர மனசு வரலை. கூட ஆள் இருந்தா திரும்பி வரத் தோணும். நாளைக்கு என்ன நாளைக்கு, இப்பவே போலாம். இனிமே தினமும் நானும் வரேன். நாம சேர்ந்தே ஓடுவோம்."

பழைய 'நாம' திரும்பி வந்துவிட்டது. அவன் அவளுடைய ஷூக்களை நீட்டினான். இவ்வளவு அன்பாக யாரும் எதையும் அவளிடம் நீட்டியதில்லை. வாங்காமல் இருக்க முடியவில்லை. வாங்கியபோது கை கனத்தது.

மாமியார்தான் பேசினார். "டேய், அவ வீட்டை விட்டு வெளிய ஓடறேன்னு சொல்றா. நீ வீட்டையே தூக்கிக்கிட்டுக் கூடப் போறேங்கறியே!"

"அம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது," என்றான் அவன், குனிந்து கயிறு கட்டிக்கொண்டே.

*

மாலை வெயில் தெருவில் சாய்ந்திருந்தது. இருவரும் ஓடினார்கள்.

அவன் கடையிலிருந்து புதுப் பீப்பி ஒன்றை எடுத்து வந்திருந்தான், ஸ்பிரிங்கோடு. ஓடும்போதே பயிற்சியும் ஆகட்டும் என்று அதைப் பல்லில் கவ்விக்கொண்டான். தங்கை பார்த்திருந்தால் பிடுங்கி எறிந்திருப்பாள். ரொட்டிக் கடை தாண்டுவதற்குள் முகம் சிவந்துவிட்டது. அவளுடைய முகம் நடிப்பில் சிவந்ததைவிட நன்றாகவே சிவந்தது.

"வாயிலேர்ந்து எடுங்க," என்றாள்.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவனுக்காக அவள் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். தையல்காரர், சலூன், மருந்துக்கடை என்று ஒவ்வொன்றும் நின்று நின்று போயின. காலையில் அவள் இவற்றைப் பார்த்ததே இல்லை. காற்று ஏராளமாக இருந்தும் அவளுக்கு மூச்சு வரவில்லை.

பூங்கா வந்தது. அதன் வாசலில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் திரும்பினால் பூங்காவைச் சுற்றிக்கொண்டு நேரே கடை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். நேரே போனால் பாலம்.

அவன் நாலடி பின்னால் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பீப்பியைக் கையில் எடுத்துவிட்டான். இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"நாம… இந்தப் பக்கம்… திரும்பிடலாமா?"

அவள் ஓட்டத்தை விடவில்லை. நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள், ஓடுகிறவர்கள் சிக்னலில் செய்வதுபோல. திரும்பி அவனைப் பார்த்தாள். வேர்வை வழிய, சட்டை நனைந்து, அவளுக்காக ஓடி வந்த மனிதன். அவளுக்கு அவன்மேல் பிரியம் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் கால் எந்தப் பக்கமும் நகரவில்லை.

அந்தச் சமயத்தில், எத்தனையோ பேர் கண்ணுக்கு நேரே சில்லுகளை மாற்றி மாற்றிக் கேட்ட அந்தக் கேள்வியை, யாருமே அவளிடம் கேட்காததை, அவளே தன்னிடம் கேட்டாள்.

எது தெளிவாத் தெரியுது? இதுவா?

இடப்பக்கம் அடுத்த தெருவில் அவர்கள் கடையின் பெயர்ப்பலகை விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

இதுவா?

நேரே பாலத்தின் மேல் யாரும் இல்லை. வெயிலின் கடைசித் துண்டு அதன் கைப்பிடியில் கிடந்தது.

"பதில் சொல்லேன்," என்றான் அவன், இரைச்சல் அடங்காமல். "எந்தப் பக்கம் போற நீ?"

'நீ' என்றான்.

அவள் பதில் சொல்ல மூச்சை உள்ளே இழுத்தாள். தடையில்லாமல், நெஞ்சு நிறைய, அது வந்தது.